நடுவில் யார் நிற்பது?

ஆறாவது முறையாகப் பல்லி வலைக்குள் போய்ப் பந்தை எடுத்து வந்தாள்.

அவள்தான் அணியின் கோல்கீப்பர். பந்து எந்த மூலைக்குப் போனாலும் தாவிப் பிடித்து ஒட்டிக்கொள்வாள் என்பதால் அந்தப் பெயர். அப்பா அம்மா வைத்த பெயரைச் சொல்லிக் கூப்பிடுவது டீச்சர் மட்டும்தான். ஆனால் அன்றைக்கு அவள் கையில் எதுவுமே ஒட்டவில்லை. பந்தை உதைத்துவிட்டு, கையுறைச் சேற்றைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டிருந்தபோது விசில் ஒலித்தது. ஆட்டம் முடிந்தது. ஆறுக்குப் பூஜ்யம்.

மழை தூறிக்கொண்டிருந்தது. யாரும் யாரையும் பார்க்காமல் நடந்தார்கள்.

போன மாதம் வரை அந்த அணிக்கு இப்படி ஒரு நாள் வந்ததே இல்லை. பின்னால் நான்கு பேர் நின்று தடுப்பார்கள். இரண்டு ஓரங்களிலும் ஜவ்வும் அவசரமும். நடுவில் சோடாவும் தூணும்.

எதிரணி ஆள் எங்கே போனாலும் விடாமல் கூடவே போகிறவள் ஜவ்வு. யோசிப்பதற்கு முன்பே ஓடிவிடுகிறவன் அவசரம். சோடா என்றால் கண்ணாடி போட்டவன் என்று சொல்லவே வேண்டாம். அதை ரப்பர் பட்டையால் தலையோடு கட்டிக்கொண்டு ஆடுவான்.

தூண் மற்றவர்களைவிட ஒரு தலை உயரம். வாய் ஓயவே ஓயாது. "சோடா, இடது பக்கம் வா! ஜவ்வு, அவனை விடாதே! அவசரம், நில்லு, நில்லு, ஓடாதே!" என்று ஆட்டம் முழுக்கக் கத்துவான். மற்றவர்கள் அவன் சொல்கிற பக்கம் நகர்வார்கள். பல்லிக்குப் பாதி நேரம் வேலையே இருக்காது.

ஒரு நாள் பயிற்சி முடிந்து சைக்கிளில் வீட்டுக்குப் போகும்போது, சாலைத் திருப்பத்தில் ஒரு லாரி தூணை இடித்துவிட்டது. உயிர் பிழைத்துக்கொண்டான். ஆனால் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதாகிவிட்டது.

அதைப் பற்றி அணியில் யாரும் பேசுவதில்லை. அவன் பெயரைச் சொல்வதுகூட நின்றுபோயிருந்தது.

மைதானத்தின் மூலையில் இருந்த மோட்டார் அறையில் எல்லோரும் ஈரத்தோடு உட்கார்ந்தார்கள். பயிற்சி கொடுக்கும் பிளம்பர் அண்ணன் தன் பையைத் திறந்து, குழாய்களை வளைத்து இணைக்கும் முழங்கைத் துண்டுகள் மூன்றை எடுத்து சிமெண்டுத் தரையில் வரிசையாக வைத்தார்.

"இங்க பாருங்க. இனிமே பின்னாடி நாலு பேர் கிடையாது. மூணு பேர்தான். சோடா நடுவுல. ஜவ்வு இடது, அவசரம் வலது. பந்து இந்தப் பக்கம் போனா மூணு பேரும் சேர்ந்து இந்தப் பக்கம். அந்தப் பக்கம் போனா சேர்ந்து அந்தப் பக்கம். திரையை இழுக்கிற மாதிரி நகரணும். நடுவுல ஓட்டை விழவே கூடாது. ஓட்டை விழுந்தா ஒழுகும். என் சர்வீஸ்ல நான் பார்க்காத ஒழுகலா?"

"அண்ணா, இதுல நான் எந்த முழங்கை?" என்று அவசரம் கேட்டான்.

வேறு நாளாக இருந்தால் எல்லோரும் சிரித்திருப்பார்கள்.

"இதைத்தானே அண்ணா ரெண்டு வாரமா சொல்றீங்க?" என்றாள் ஜவ்வு. "சோடா நடுவுல நிக்கவே மாட்டேங்கறான். எல்லா கோலும் நடுவுலதான் வந்துச்சு."

"ஏன், நீ மட்டும் ஒழுங்கா? நாலாவது கோல் உன்னாலதான்" என்றான் சோடா.

"என்னாலயா? அவசரம் இங்க இருக்க வேண்டியவன் அங்க ஓடிட்டான்!"

"யாராவது நில்லுன்னு சொன்னாதானே எனக்குத் தெரியும்?" அவசரத்தின் குரல் உடைந்தது. "பல்லி பின்னாடிதானே நிக்கறா? எல்லாம் தெரியுதுல்ல? வாயைத் திறந்து சொன்னா என்ன?"

பல்லி தலையைக் குனிந்துகொண்டாள்.

பிளம்பர் அண்ணன் முழங்கைகளை ஒவ்வொன்றாகப் பைக்குள் போட்டார். "ஞாயித்துக்கிழமை கிடங்குத் தெரு டீமோட ஆட்டம். அவங்க இவங்களைவிட முரடு. அதுலயும் இப்படியே ஒழுகினா, டீமைக் கலைச்சிடலாம்னு இருக்கேன். ஏற்கெனவே ரெண்டு வீட்ல பிள்ளைங்களை அனுப்ப மாட்டேன்னு சொல்லிட்டாங்க. ரோட்டை நினைச்சுப் பயப்படறாங்க. என் பயிற்சிக்கு வந்து திரும்பிப் போன பையனுக்குத்தானே அப்படி ஆச்சு? நான் எந்த முகத்தோட போய்க் கேக்கறது?"



பல்லி வாயைத் திறக்காததற்குக் காரணம் இருந்தது. அவளுக்குக் கத்த வராது. அவள் வீடு ஒரே அறை. அப்பாவுக்கு ரொட்டித் தொழிற்சாலையில் இரவு வேலை. இரவெல்லாம் அடுப்புப் பக்கத்தில் நின்றுவிட்டு வந்து பகலில் தூங்குவார். அதனால் அந்த வீட்டில் பாத்திரம்கூடச் சத்தம் போடாது. பிறந்ததிலிருந்து பல்லி கிசுகிசுத்தே வளர்ந்தவள்.

அன்றைக்கும் அப்பா தூங்கிக்கொண்டிருந்தார். அம்மா வாசலிலேயே அவளைப் பிடித்துக்கொண்டாள்.

"சேத்துல புரண்டுட்டு அப்படியே உள்ள வர்றியா? நில்லு அங்கயே! உன்னை என்ன செய்யறேன் பாரு!" என்றாள் கிசுகிசுப்பாக. அந்தக் குரலிலேயே ஊரைக் கூட்டுகிற கோபம் காட்ட அம்மாவால் முடியும்.

"அம்மா, ஆறு கோல்" என்றாள் பல்லி.

அம்மா மேற்கொண்டு திட்டவில்லை. துண்டை எடுத்து அவள் தலையைத் துவட்டிவிட்டாள்.

செவ்வாய்க்கிழமை பயிற்சியின்போது பல்லி மூன்று பேரையும் உற்றுக் கவனித்தாள். கோல் கம்பங்களின் நடுவிலிருந்து பார்த்தால் எல்லாம் தெளிவாகத் தெரியும். அண்ணன் விசில் ஊதியதும் சோடா நடுவில் போய் நிற்பான். பந்து வரத் தொடங்கியதும் மெல்ல வலது பக்கம் நகர்ந்துவிடுவான். தூணோடு சேர்ந்து ஆடியபோது அவன் நின்ற அதே பழைய இடத்துக்கு! ஜவ்வும் அவசரமும்கூட அந்த நடு இடத்துக்குப் பக்கத்தில் வந்ததும் தயங்கி நின்றுவிட்டார்கள். தூண் இன்னும் அங்கே நிற்பதுபோல, அவனை இடித்துவிடுவோமோ என்பதுபோல, எல்லோரும் சுற்றிக்கொண்டு ஓடினார்கள். பந்து மட்டும் நேராக வந்தது.

பயிற்சி முடிந்ததும் அவள் சோடாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"அது தூணோட இடம்னுதானே நீ அங்க நிக்கல?"

சோடா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். துடைத்துக்கொண்டே இருந்தான். "அங்க என்னால நிக்க முடியல பல்லி. அவன் அங்க கஷ்டப்பட்டுக்கிட்டு இருக்கான். நான் இங்க அவன் இடத்துல நிக்கறதா?"

"நீ போய் அவனைப் பார்த்தியா?"

"இல்ல. நீ?"

"நானும் போகல."

ஜவ்வும் அவசரமும் அதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். அவர்களும் போகவில்லை.

"போனா என்ன பேசறது? காலைப் பார்க்கணுமா, பார்க்கக் கூடாதா?" என்றான் அவசரம்.

மறுநாள் பள்ளி விட்டதும் பல்லி தனியாகத் தூணின் வீட்டுக்குப் போனாள். முன்பக்கம் தூணின் அம்மாவின் தையல் கடை. மேசை நிறைய பள்ளிச் சட்டைகள், காலர் இல்லாமல் கிடந்தன. தூணின் அம்மா மெஷினை நிறுத்தி அவளை நிமிர்ந்து பார்த்தார். கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது.

"வந்தியாம்மா? யாராவது வருவீங்கன்னு பார்த்துக்கிட்டே இருந்தேன். உள்ளதான் இருக்கான். யாரோடயும் பேச மாட்டேங்கறான். கோச்சுக்காதே."

பின் அறையில் தூண் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். மேலே போர்வை. இடது பக்கம் போர்வைக்கு அடியில் கால் நீளமாகத் தெரிந்தது. வலது பக்கம் பாதியிலேயே போர்வை தட்டையாக இருந்தது.

"யாரு?"

"நான்தான். பல்லி."

அவன் திரும்பவில்லை. "பார்க்கணும்னா பார்த்துக்கோ. பார்த்துட்டுப் போ."

தையல் மெஷின் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. அவள் ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"ஆஸ்பத்திரியில ஒவ்வொரு நாளும் கதவையே பார்த்துக்கிட்டு இருந்தேன்" என்றான் தூண் சுவரிடம். "யாருமே வரல. கால் போனா நானும் போயிட்டேன்னு நினைச்சுட்டீங்கல்ல?"

"பயமா இருந்துச்சு."

"என்னைப் பார்த்தா?"

"என்ன பேசறதுன்னு தெரியாம. தப்புதான்."

"சரி, போ."

பல்லி எழுந்தாள். வாசல்வரை போய் நின்றாள். "நாளைக்கு வருவேன்."

"வர வேண்டாம்."

"வருவேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அடுத்த நாள் அவள் மற்ற மூவரையும் கையோடு இழுத்துக்கொண்டு போனாள். ஜவ்வு வழியெல்லாம் நகத்தைக் கடித்தாள். சோடா இரண்டு முறை வீட்டுப்பாடம் இருக்கிறது என்று திரும்பிப் போகப் பார்த்தான். அறைக்குள் நுழைந்ததும் நான்கு பேரும் சுவரோரமாக வரிசையாக நின்றார்கள், ஏதோ தலைமையாசிரியர் அறையில் நிற்பதுபோல. தூண் அன்றைக்கு எழுந்து சாய்ந்து உட்கார்ந்திருந்தான். முகம் மெலிந்துபோயிருந்தது.

அவசரத்தால் அவ்வளவு நேரம் சும்மா இருக்க முடியாது.

"வலிக்குதாடா?" என்று கேட்டுவிட்டான். ஜவ்வு அவன் முதுகில் ஒன்று வைத்தாள்.

தூண் அவன் பக்கம் திரும்பினான். "வலிக்குது. ஆனா அது கூடப் பரவாயில்ல. பாதம் அரிக்குது. இல்லாத பாதம். அதான் பெரிய கொடுமை. டாக்டர் அப்படித்தான் இருக்கும்னு சொல்றார். சொறியறதுக்கு அங்க எதுவும் இல்லையே!"

"எங்க அரிக்குது?"

"பெருவிரல் பக்கத்துல."

அவசரம் யோசிக்கவே இல்லை. நேராகக் கட்டிலுக்குப் போய்க் குனிந்து, தட்டையாகக் கிடந்த போர்வையைச் சொறிந்தான்.

"இங்கயா?"

தூண் அந்தக் கையைப் பார்த்தான். அவசரத்தின் முகத்தைப் பார்த்தான். அவன் விளையாடவில்லை. உண்மையிலேயே இடம் தேடிக்கொண்டிருந்தான்.

"கொஞ்சம் மேல" என்றான் தூண்.

"இப்போ?"

"அது குதிகாலுடா, மடையா!"

சொல்லிவிட்டுத் தூண் சிரித்தான். எல்லோரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டிருந்த தூணின் முகம் அப்படியே கோணி, பெரிய அழுகையாக மாறிவிட்டது. ஜவ்வு கட்டிலில் உட்கார்ந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். அழுது முடியும்வரை விடவில்லை. முன்னறையில் தையல் மெஷின் நின்றுபோயிருந்தது.

மூக்கைத் துடைத்துக்கொண்டு தூண் கேட்டான். "டீம் எப்படி இருக்கு?"

"ஆறு கோல்" என்றான் சோடா. "இப்போ பின்னாடி மூணு பேர்தான். நான் நடுவுல நிக்கணும். ஆனா என்னால முடியல. அது உன் இடம்."

"அப்போ அங்க யார் நிக்கறா?"

"யாரும் இல்ல."

தூணின் முகம் சிவந்தது. "காலியா வச்சிருக்கீங்களா? நான் என்ன செத்தா போயிட்டேன்? செத்துப்போனவங்க இடத்தைத்தான் அப்படிக் காலியா விடுவாங்க! நீ நில்லு சோடா. வேற யாராவது வந்து நின்னா எனக்குப் பிடிக்காது. நீ நில்லு."

சோடா தலையாட்டினான். கண்ணாடி முழுக்கப் பனிமூட்டமாகியிருந்தது.

"சரி, யார் கத்தறது?" என்று கேட்டான் தூண்.

பல்லி கைவிரல்களைப் பிசைந்தாள். பின்னால் நின்று எல்லாவற்றையும் பார்ப்பவள் அவள் ஒருத்திதான். அது அவளுக்கே தெரியும்.

"நான் கத்தறேன்" என்றாள்.

"என்ன சொன்னே? காதுல விழல" என்றான் தூண்.

சனிக்கிழமை மதியம் அம்மா கடைக்குப் போயிருந்தாள். பல்லி அப்பாவின் பாய்ப் பக்கத்தில் வெகுநேரம் நின்றாள். அப்பா ஒரு கண்ணை மட்டும் திறந்தார்.

"என்னம்மா, இப்படி நிக்கறே?"

"அப்பா, நான் கத்திப் பழகணும்."

"எதுக்கு?"

அவள் எல்லாவற்றையும் கிசுகிசுப்பாகச் சொன்னாள். ஆறு கோல், காலியான இடம், தூணின் கால், இல்லாத பாதத்தின் அரிப்பு. அப்பா எழுந்து உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் முகத்தைக் கைகளால் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"நான் தூங்கணும்னு இத்தனை நாளா நீ வெளியிலயும் வாயைத் திறக்கலையா?"

"பழகிப்போச்சுப்பா."

"கத்து."

"நீங்க தூங்கணுமே?"

"ஒரு நாள் தூக்கம் போனா ரொட்டி ஒண்ணும் கருகிடாது. கத்தும்மா."

முதல் முறை பூனைக்குட்டி கத்துவதுபோல வந்தது. "வயித்துலேருந்து கத்து" என்றார் அப்பா. இரண்டாவது முறை கொஞ்சம் பெரிய பூனை. மூன்றாவது முறை, "சோடா! இடது!" என்று அவள் கத்தியதில் அலமாரிக் கண்ணாடி அதிர்ந்தது. மாடி வீட்டு அம்மா ஒரே ஓட்டமாக இறங்கி வந்து கதவைத் தட்டினார்.

"ஐயோ, என்னாச்சு? யாருக்கு என்ன?"

"யாருக்கும் ஒண்ணும் இல்லம்மா" என்றார் அப்பா. "என் பொண்ணு இடது பக்கம் போகச் சொல்றா."

ஞாயிற்றுக்கிழமையும் மழை விடவில்லை. கிடங்குத் தெரு அணியின் ஆட்கள் ஒவ்வொருவரும் அலமாரி மாதிரி இருந்தார்கள். அவர்களின் முன்வரிசைக்காரன் தொடக்கத்திலேயே பந்தைத் தட்டிக்கொண்டு நேராக நடுவுக்கு வந்தான். அங்கேதான் ஓட்டை என்று யாரோ அவனுக்குச் சொல்லியிருக்க வேண்டும்.

சோடாவின் கால் வலது பக்கம் நகரப் பார்த்தது.

"சோடா! நடு! நடு!"

மைதானமே திரும்பிப் பார்த்தது. பிளம்பர் அண்ணன் விசிலைத் தவறவிட்டார். சோடா நின்றான். ஒரு அடிகூட நகரவில்லை. பந்து அவன் நெஞ்சில் பட்டுத் திரும்பியது.

அதற்குப் பிறகு பல்லியின் வாய் மூடவே இல்லை. "எல்லாரும் வலது! ஜவ்வு, உள்ள வா! அவசரம், நில்லு!" பந்து வலது பக்கம் போனால் மூன்று பேரும் சேர்ந்து வலது பக்கம் போனார்கள். இடது பக்கம் போனால் இடது பக்கம். அவசரம் முதல் முறையாக யோசித்து நின்றான், அதை அவனாலேயே நம்ப முடியவில்லை. எதிரணியினர் உதைத்தார்கள், இடித்தார்கள், சுற்றிச் சுற்றி வந்தார்கள். உள்ளே நுழைய வழி கிடைக்கவில்லை. தப்பி வந்த இரண்டு பந்துகளைப் பல்லி தாவிப் பிடித்து ஒட்டிக்கொண்டாள்.

ஆட்டம் முடிகிற நேரத்தில், வெகுதூரத்திலிருந்து வந்த ஒரு பந்து சேற்றில் வழுக்கி, ஜவ்வின் முழங்காலில் பட்டுத் திசை மாறி, பல்லி விரித்த விரல்களுக்கு வெளியே போய்விட்டது. ஒன்றுக்குப் பூஜ்யம். தோல்விதான்.

ஜவ்வு சேற்றிலேயே உட்கார்ந்து அழுதாள். பிளம்பர் அண்ணன் குடையை மறந்துவிட்டு மழையில் வந்தார்.

"ஒரே ஒரு சொட்டு" என்றார். குரல் கரகரத்தது. "ஆறு வாளி ஒழுகின இடத்துல ஒரே ஒரு சொட்டு. செவ்வாய்க்கிழமை பயிற்சி. எல்லாரும் வரணும். முடிஞ்சதும் அந்தத் திருப்பம் வரைக்கும் நானே கூட வந்து விடறேன். வீட்ல சொல்லுங்க. இல்ல, நானே வந்து சொல்றேன்."

நான்கு பேரும் சேற்றோடு தூணின் வீட்டுக்குப் போனார்கள். ஆட்டம் பார்க்க வருகிறாயா என்று அவனை யாரும் கேட்டிருக்கவில்லை. மைதானத்தைப் பார்க்க இப்போது முடியாது என்று அவனே சொல்லியிருந்தான். அவர்கள் உள்ளே வந்ததும் அவர்கள் முகங்களைப் பார்த்தான்.

"தோத்தாச்சா?"

"தோத்தாச்சு" என்றான் சோடா.

"எத்தனை?"

"ஒண்ணு."

"கிடங்குத் தெருக்காரங்ககிட்டயா? ஒண்ணுதானா?" தூண் நிமிர்ந்து உட்கார்ந்தான். "அது எப்படி உள்ள போச்சு?"

"என் முழங்கால்ல பட்டுச்சு. என் தப்பு" என்றாள் ஜவ்வு.

"இல்ல, அவனை உதைக்க விட்டிருக்கக் கூடாது. என் தப்பு" என்றான் அவசரம்.

"நான்தான் ஒரு அடி முன்னாடி போயிருக்கணும்" என்றான் சோடா.

"நான் தாவினது லேட்" என்றாள் பல்லி. கத்திக் கத்தி அவள் தொண்டை கட்டிப்போயிருந்தது.

தூண் நான்கு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். முன்னறை மேசையிலிருந்து நூல்கண்டுகளை எடுத்துத் தரச் சொன்னான். அவற்றைக் கட்டிலில் பரப்பி, யார் எங்கே நின்றார்கள், பந்து எங்கிருந்து வந்தது என்று ஒவ்வொன்றாகக் கேட்டான். நால்வரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். நூல்கண்டுகள் இடம் மாறி மாறி நகர்ந்தன. ஒரு கண்டு உருண்டு கட்டிலுக்கு அடியில் போய்விட்டது. அவசரம் அதன் பின்னாலேயே தவழ்ந்து போனான். முன்னறையிலிருந்து தூணின் அம்மா வந்து, கதவில் சாய்ந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசியில் தூண் நடுவில் இருந்த நூல்கண்டைத் தொட்டுப் பார்த்தான். அதை நகர்த்தவில்லை.

"யார் தப்பும் இல்ல" என்றான். "நல்ல கோல் அது. விடுங்க. அடுத்த ஆட்டம் எப்போ?"

"அடுத்த ஞாயிறு."

"முடிஞ்சதும் நேரா இங்க வாங்க" என்றான் தூண். பிறகு மூக்கைப் பிடித்துக்கொண்டான். "நேரா வேண்டாம். குளிச்சிட்டு வாங்க."